முரசு கரைகிறது என்றால் முதலில் அளக்க வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 53. வடமராட்சியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு வருடங்களாக நீரிழிவுக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கிறேன். பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வருவது நெடுநாளாக உண்டு. இப்போது கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. காலையில் வாயில் கெட்ட மணம். பருத்தித்துறையில் ஒரு பல் வைத்தியர் நான்கு தடவை வந்து ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தில் இன்னொருவர் முரசைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யச் சொல்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி லேசர் செய்யச் சொல்கிறான். அல்லது எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இம்பிளான்ற் வைக்கலாம், காசு அனுப்புகிறேன் என்கிறான். சுத்தம் செய்தால் இருக்கிற பற்களும் ஆடிவிடும் என்கிறார் மச்சாள். என் அம்மா உமிக்கரியால் பல் துலக்கி, வெற்றிலையும் போட்டு, 82 வயதிலும் பனங்கிழங்கு கடித்தவர். எனக்கு மட்டும் ஏன் இப்படி? இவற்றில் எது நல்ல சிகிச்சை?

பதில்:

அன்புள்ள ரீச்சருக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு பேருடைய ஆலோசனை இருக்கிறது. ஓர் அளவுகூட இல்லை. உங்கள் முரசு எந்தப் பல்லில், எந்தப் பக்கத்தில், எத்தனை மில்லிமீற்றர் ஆழத்துக்கு விலகியிருக்கிறது என்று யாராவது அளந்தார்களா? அளந்திருந்தால் அந்தக் கணக்கை உங்களிடம் காட்டினார்களா? அது தெரியாமல் சிகிச்சையைத் தெரிவு செய்வது, விடைத்தாளைப் பார்க்காமல் புள்ளி போடுவது போன்றது. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். லேசரா, கத்தியா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

நல்ல வாயில், சட்டைக் கொலர் கழுத்தைச் சுற்றி இருப்பதுபோல முரசு பல்லைச் சுற்றி இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடுக்கு உண்டு. அதன் ஆழம் ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர். அங்கே தினமும் படியும் மெல்லிய படலம் கிருமிகளால் ஆனது. அதை எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கல்சியம் சேர்ந்து கல்லாக இறுகும். அதைத்தான் பற்காரை என்கிறோம். கிருமிகளோடு உடம்பு போராடும்போது முரசு சிவந்து வீங்குகிறது, தொட்டால் இரத்தம் கசிகிறது. இந்தக் கட்டத்தில் கவனித்தால் முழுவதும் குணமாகும். விட்டுவிட்டால், பல்லை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார்கள் அறுகின்றன, எலும்பு கரைகிறது, இடுக்கு ஆழமாகி ஒரு பை போலாகிறது. சூத்தைப் பல் நள்ளிரவில் ஆளை எழுப்பி வைத்தியரிடம் அனுப்பிவிடும். முரசு நோய் அப்படி வலிப்பதில்லை. பத்து வருடம் சத்தமில்லாமல் எலும்பைத் தின்றுவிட்டு, பல் ஆடும்போதுதான் தன்னைக் காட்டுகிறது. உங்களைப் போலப் படித்தவர்களும் பிந்தி வருவதற்குக் காரணம் இதுதான். இதில் நீங்கள் குற்ற உணர்வு கொள்ள எதுவுமில்லை.

அளப்பது மிக எளிய வேலை. மில்லிமீற்றர் கோடுகள் கீறிய, முனை மழுங்கிய மெல்லிய கோல் ஒன்றை முரசின் ஓரமாக மெதுவாக இறக்கிப் பார்ப்போம். ஒரு பல்லுக்கு ஆறு இடங்கள். 28 பற்கள் இருந்தால் 168 எண்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் நிற்பவர் எழுதுவார். “மூன்று, இரண்டு, மூன்று” என்று போகும்வரை கதிரையில் சாய்ந்திருப்பவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். “ஐந்து, ஆறு, ஏழு” என்று வந்ததும் அவருடைய கை கதிரையின் பிடியை இறுக்கிக்கொள்ளும். வலியால் அல்ல, யாரும் விளக்காமலே அவருக்கு விளங்கிவிடுகிறது. எத்தனையோ பேர் வீட்டில் ஒழுங்காகப் பல்லைக் கவனிக்கத் தொடங்கியது அந்த எண்களைத் தம் காதால் கேட்ட நாளில்தான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். கூடவே எக்ஸ்-கதிர்ப் படமும் எடுத்தால், எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எந்த வடிவத்தில் கரைந்திருக்கிறது என்பது தெரியும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பருத்தித்துறை வைத்தியரும் யாழ்ப்பாண வைத்தியரும் ஒருவருக்கொருவர் எதிராகப் பேசியதாக நீங்கள் நினைக்கிறீர்கள். இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். ஆழமான சுத்தம் முதல் படி, சத்திரசிகிச்சை அதற்கு மேற்படி. முதல் படியில் கால் வைக்காமல் மேற்படிக்குத் தாவக்கூடாது என்பதுதான் என் கருத்து. 2020இல் ஐரோப்பிய முரசு மருத்துவச் சம்மேளனம் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த ஒழுங்கையே சொல்கிறது. வீங்கிய முரசில் இன்று ஏழு காட்டும் இடம், சுத்தம் செய்து வீக்கம் வற்றிய பிறகு நான்காக இறங்கக்கூடும். இன்று காட்டும் ஏழு மில்லிமீற்றரை நம்பிக் கத்தி வைத்தால், தேவையில்லாத இடத்தையும் வெட்டுவோம்.

ஆழமான சுத்தம் என்பது மேலே தெரியும் காரையை மட்டும் சுரண்டுவதல்ல. விறைப்பு ஊசி போட்டு, முரசுக்குள் இறங்கி, வேரின் மேல் ஒட்டியிருக்கும் காரையையும் கிருமிப் படலத்தையும் எடுப்பது. அதிரும் கருவியாலும் செய்யலாம், கைக்கருவியாலும் செய்யலாம். பலர் இரண்டையும் சேர்த்தே செய்வோம். வாயை நான்கு பங்காகப் பிரித்து நான்கு நாள் செய்வதற்கும், ஒரே நாளில் முழுவதையும் முடிப்பதற்கும் பலனில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு எடுப்பது எப்படி வசதியோ அப்படிச் செய்துகொள்ளுங்கள். நீரிழிவு இருப்பதால், காலையில் சாப்பிட்டு, வழமையான குளிசையையும் போட்டுவிட்டு, முற்பகலில் போவது நல்லது.

இதனால் எவ்வளவு பலன்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நான்கு முதல் ஆறு மில்லிமீற்றர் வரை ஆழமான பைகள் சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றர் குறைகின்றன. ஏழும் அதற்கு மேலும் உள்ளவை இரண்டரைக்குச் சற்று அதிகமாகக் குறைகின்றன. ஆறு முதல் எட்டு மாதங்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பைகள் ஆபத்தில்லாத அளவுக்கு மூடிக்கொள்கின்றன. ஊசியும் சுரண்டலும் மட்டுமே கொண்ட ஒரு சிகிச்சைக்கு இது பெரிய வெற்றி.

மச்சாள் சொன்னதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். சில மாதங்களுக்கு முன் வெங்காயச் செய்கை செய்யும் ஓர் ஐயா வந்தார். அவருடைய கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில், நாக்கு தொடும் இடத்தில், ஆறு பற்களையும் இணைத்து மதில் கட்டியதுபோல் காரை. எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது, அதனால் காரை முதலில் கட்டுவதும் அங்கேதான். மஞ்சளும் கபிலமுமாக, தொட்டால் சொரசொரப்பாக. அவர் அதைத் தன் பல் என்றே நினைத்திருந்தார். ஒரு துண்டு கழன்று தட்டில் விழுந்தபோது “பல் உடைந்துவிட்டதா?” என்று பதறினார். கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினேன்: பல் முழுதாக நின்றது. ஆனால் நாக்கால் தடவிப் பார்த்தவர், “இப்போது ஆடுகிறதே” என்றார். ஆடத்தான் செய்தது. எலும்பு கரைந்து வருடங்கள் ஆகிவிட்டன. இத்தனை நாளும் அந்தப் பற்களைப் பிடித்து வைத்திருந்தது எலும்பல்ல, அந்தக் கல். மதிலை எடுத்ததும் உண்மை தெரிந்தது. இரண்டு கிழமை கழித்து முரசு வற்றி இறுகியபோது ஆட்டமும் குறைந்திருந்தது. மச்சாளுக்கு இதைச் சொல்லுங்கள். அவருடைய வாயையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

சுத்தத்துக்குப் பிறகு பற்கள் கொஞ்சம் நீண்டதுபோல் தெரியும், இடைவெளி தோன்றும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். வீக்கம் வற்றியதன் அடையாளம் அது. கூச்சம் பெரும்பாலும் சில கிழமைகளில் தணியும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விடும் வைத்தியர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. சொல்லாததால்தான் “அவர் என் பல்லைக் கெடுத்துவிட்டார்” என்ற பேச்சு ஊரில் பரவுகிறது.

பிறகு மூன்று மாதம் பொறுங்கள். மீண்டும் அந்த 168 இடங்களையும் அளக்கச் சொல்லுங்கள். நான்கு, ஐந்து மில்லிமீற்றர் மிஞ்சிய இடங்களில் இன்னொரு தடவை சுத்தம் செய்தால் போதும். ஆறோ அதற்கு மேலோ மிஞ்சி, இரத்தமும் கசிந்தால், அங்கே மட்டும் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசலாம். முரசை மடித்துத் திறந்து, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, தைத்து மூடுவார்கள். ஆழமான பைகளில் இது நன்றாகப் பலன் தரும். எலும்பு செங்குத்தாக, குறுகிய குழிபோலக் கரைந்திருந்தால், அந்தக் குழிக்குள் எலும்புத் துகள் வைத்து ஓரளவு எலும்பை வளர்க்கவும் முடியும். வயல் வரம்பு தேய்வதுபோலச் சமமாகத் தேய்ந்த எலும்பு அப்படித் திரும்ப வளராது. யாராவது வளர்த்துத் தருகிறேன் என்றால், எக்ஸ்-கதிர்ப் படத்தில் குழியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

லேசர் பற்றித் தம்பி அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் ஆழமான சுத்தத்தோடு லேசரையும் சேர்த்தால் கூடுதல் நன்மை உண்டு என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நான் மேலே சொன்ன வழிகாட்டியும் அதைப் பரிந்துரைக்கவில்லை. காசு மட்டும் கூடும். அவர் அனுப்பும் காசை லேசருக்குக் கொடுக்காதீர்கள்.

நுண்ணுயிர் எதிர்ப்புக் குளிசை மட்டும் போட்டு முரசு நோயை மாற்ற முடியாது. காரையின் மேல் ஒட்டிய படலத்துக்குள் மருந்து எளிதில் நுழைவதில்லை. இளவயதில் வேகமாகப் பரவும் நோய் போன்ற சில நிலைகளில், சுத்தத்தோடு சேர்த்துக் கொடுப்போம். உங்களுக்கு அது முதல் தெரிவல்ல. குளோர்ஹெக்சிடீன் வாய்க்கழுவியை ஒன்றிரண்டு கிழமை பாவிக்கலாம். அதற்குமேல் போனால், அதுவும் பிளேன் ரீ குடிக்கும் நமக்கு, பல்லில் கபில நிறம் ஏறும், நாக்கில் ருசி மாறும். உப்புத் தண்ணீர் ஆறுதல் தரும், காரையை எடுக்காது.

எல்லாப் பற்களையும் பிடுங்கி இம்பிளான்ற் வைக்கும் யோசனையைக் கேட்டதும்தான் எனக்குப் பதற்றம் வந்தது. தயவுசெய்து அதற்கு அவசரப்படாதீர்கள். இம்பிளான்ற்றும் எலும்பில்தான் நிற்க வேண்டும். அதைச் சுற்றியும் இதே கிருமிப் படலம் படியும், இதே நோய் வரும். முரசு நோயால் பல் இழந்தவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இன்னும் அதிகம். நோயைத் தீர்க்காமல் இம்பிளான்ற் வைப்பது கறையான் பிடித்த கூரையில் புதுத் தீராந்தி போடுவதற்குச் சமம். பொய்ப்பல் போடலாம் என்றால், கீழ்த்தாடையில் முழுப் பொய்ப்பல் சறுக்கிக்கொண்டே இருக்கும். வகுப்பில் ஐந்து மணி நேரம் பேசும் ஒருவருக்கு அது எப்படியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆடும் அந்த இரண்டு பற்களைப் பிடுங்க வேண்டுமா? மேலும் கீழுமாக அழுந்தி ஆடினால், எலும்பு வேரின் நுனிவரை போயிருந்தால், பிடுங்குவதே நல்லது. முன்னும் பின்னுமாக மட்டும் ஆடினால், சுத்தத்துக்குப் பிறகு காத்திருந்து பார்க்கலாம். கடிக்கும்போது இடைஞ்சலாக இருந்தால், பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியும் பசையும் வைத்து உட்பக்கமாகக் கட்டிவிடலாம். கட்டு நோயை மாற்றாது. பிட்டோ பாணோ நிம்மதியாகச் சாப்பிட உதவும்.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு உலகில் கிடைத்த சிறந்த பதில் நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. 1970இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ கிடைக்காத மக்கள் அவர்கள். எல்லோருடைய பல்லிலும் அழுக்கும் காரையும். 15 வருடம் தொடர்ந்து பார்த்தபோது, 8 வீதமானோருக்கு நோய் மிக வேகமாகப் போனது. 81 வீதமானோருக்கு மெதுவாக. 11 வீதமானோருக்கு முரசு வீக்கத்துக்கு அப்பால் போகவேயில்லை. 35 வயதில் முதல் கூட்டத்தார் இழந்த பிடிமானம் சராசரி 9 மில்லிமீற்றர், இரண்டாமவர் 4, மூன்றாமவர் 1க்கும் குறைவு. அந்த மக்களுக்குக் கிடைக்காத வைத்தியத்தின் விலையில் மருத்துவ உலகம் கற்ற பாடம் இது என்பதை நான் வேதனையோடுதான் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் அம்மா பெரும்பாலும் அந்த 11 வீதத்தவரைப் போன்றவர். பல்லைக் காப்பாற்றியது உமிக்கரி அல்ல. கரடுமுரடான கரி பல்லைத் தேய்க்கவே செய்யும். வெற்றிலையும் அல்ல. வெற்றிலை பாக்கு, புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அம்மாவின் உடம்பு அவருக்குக் கிடைத்த வரம். உங்களுக்கு அது வரவில்லை, நீரிழிவும் சேர்ந்துகொண்டது.

நீரிழிவும் முரசு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சீனி ஏறினால் முரசு மோசமாகும். முரசில் அழற்சி நீடித்தால் சீனியைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். மகிழ்ச்சியான செய்தி என்னவென்றால், முரசுக்குச் சிகிச்சை செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி அளவு, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு, சராசரியாக 0.4 வீதப் புள்ளி இறங்குகிறது. சுத்தம் தொடங்குமுன் ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று என்று அந்த இரத்தப் பரிசோதனையை எடுத்துப் பாருங்கள். உங்கள் நீரிழிவு வைத்தியரிடமும் முரசைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்று நீங்கள் சொல்லாமல் விட வேண்டாம்.

நாங்கள் வருடத்தில் சில மணி நேரம் செய்வது, நீங்கள் தினமும் செய்வதன்மேல்தான் நிற்கும். 1965இல் ஆரோக்கியமான வாயுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். பத்து முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் முரசு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியபோது ஒரு கிழமையளவில் சரியானது. இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தொடாமல் விடுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இரத்தம் வரும் இடத்தில்தான் தூரிகை இன்னும் கவனமாகப் போக வேண்டும். மென்மையான தூரிகையை முரசின் ஓரத்தில் சாய்வாக வைத்து, சிறிதாக அசைத்து, இரண்டு நிமிடம், காலையும் இரவும். அதைவிட முக்கியம் பல்லிடைத் தூரிகை. போத்தல் கழுவும் தூரிகையை ஊசியளவாக்கியது போன்றது. பெரிய மருந்துக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். உங்கள் இடைவெளிகளுக்கு, பல்லிடையில் விட்டுத் துப்புரவாக்கும் நூலைவிட அதுதான் பொருந்தும். எந்தப் பல்லிடைக்கு எந்த அளவு என்று வைத்தியரிடம் கேட்டு, அவர் முன்னாலேயே கண்ணாடியைப் பார்த்துச் செய்து காட்டுங்கள். பனங்கிழங்குத் தும்பு மாட்டும் இடமெல்லாம் அந்தத் தூரிகை போக வேண்டிய இடம்.

சிகிச்சைக்குப் பிறகும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும், பல வருடங்களுக்கு. இதை மறைத்து “ஒருமுறை செய்தால் போதும்” என்று நான் எழுத மாட்டேன். செலவைப் பற்றிக் கவலையென்றால், அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவுகளில் இலவசமாகப் பார்ப்பார்கள். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்டவே இருக்கிறது. கூட்டத்தில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மேலதிக சிகிச்சை தேவையென்றால் அங்கிருந்தே கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். தம்பியின் காசை அடுத்த சில வருடங்களின் பராமரிப்புக்கும் பல்லிடைத் தூரிகைக்கும் ஒதுக்கி வையுங்கள். தேவைப்பட்டால் பிறகு ஒரு பல்லுக்கு இம்பிளான்ற்றும் வைக்கலாம்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். பிரஷருக்கு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அம்லோடிபின், நிபெடிபின் ஆகிய இரண்டும் சிலருக்கு முரசைத் தடிக்க வைத்து, பல்லின் மேல் ஏறி வளரச் செய்யும்; அப்போது அளவுக் கோலும் உள்ளதைவிட ஆழமாகக் காட்டும். அவற்றில் ஒன்றாக இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். குளிசைப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போய்ப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், மாற்றலாமா என்று பிரஷர் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் அளவுத் தாளையும் முதல் தாளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். சத்திரசிகிச்சை வேண்டுமா என்பதை அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.